உருகுநிலை சரியாக வரவில்லையா? அறிகுறியைப் பார்த்துப் பிழையைப் பிடிக்கும் வழி

கொழும்பில் சேதன இரசாயன ஆய்வுகூடத்தில் வேலை செய்பவனிடம் பிள்ளைகள் அதிகம் கொண்டுவரும் முறைப்பாடு, "அண்ணா, மெஷின் பிழை காட்டுது" என்பதுதான். மெஷினில் பிழை இருப்பது அபூர்வம். ஈரம், அவசரம், அளவுக்கு மிஞ்சிய தூள், வயதான வெப்பமானி, இவற்றையெல்லாம் பார்த்து முடித்த பிறகுதான் மெஷினின் முறை வரும். கீழே உள்ளதும் அந்த ஒழுங்கில்தான் இருக்கிறது: காசும் நேரமும் செலவாகாத காரணம் முதலில், செலவு கூடியது கடைசியில். தீல் குழாயில் (பக்கக் கை உள்ள கண்ணாடிக் குழாய்) எண்ணெய் வைத்து அளப்பவருக்கும் மின்சார பிளாக் மெஷின் (துளைகள் உள்ள உலோகக் கட்டியைச் சூடாக்கி அளப்பது) வைத்திருப்பவருக்கும் பெரும்பகுதி ஒன்றுதான்.

## எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் இதைச் செய்யுங்கள்

உங்கள் பொருளோடு, உருகுநிலை தெரிந்த சுத்தமான பொருள் ஒன்றையும் சேர்த்து ஒரே சூட்டில் ஓட்டுங்கள். பிளாக் மெஷினில் பெரும்பாலும் இரண்டு மூன்று துளைகள் இருக்கும்; ஒன்றில் உங்களுடையது, பக்கத்தில் தெரிந்தது. தீல் குழாய் என்றால் வெப்பமானியின் இரு பக்கமும் தூள் நிரப்பிய ஒவ்வொரு மயிர்த்துளைக் குழாயை (ஒரு முனை மூடிய மெல்லிய கண்ணாடிக் குழாய்) கட்டலாம்.

எதிர்பார்க்கும் எண்ணுக்குக் கிட்ட உள்ளதைத் தெரிவுசெய்யுங்கள்: நப்தலீன் 80 பாகை, அசற்றனிலைட்டு 114, பென்சோயிக் அமிலம் 122, சலிசிலிக் அமிலம் 159, கஃபீன் 236 அளவில். போத்தல் ஆய்வுகூடத் தரத்தில் இருக்க வேண்டும். புறக்கோட்டையில் அலுமாரிக்குப் போட வாங்கும் உருண்டையை நப்தலீன் என்று நம்பி நியமமாக (ஒப்பிட்டுப் பார்க்கும் பொருளாக) வைக்கவேண்டாம். அப்படி விற்பவற்றில் சில பரா-டைகுளோரோபென்சீன், அது 53 பாகையிலேயே உருகிவிடும்.

தெரிந்த பொருள் சரியான இடத்தில் உருகி, உங்களுடையது மட்டும் பிசகினால் பிழை தூளில். 1, 4, 5, 6 ஆம் அறிகுறிகளைப் பாருங்கள். தெரிந்ததும் பிசகினால் பிழை வெப்பமானியில் அல்லது சூடாக்கும் கையில். 2, 3, 7, 8க்குப் போங்கள். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் மீள்பளிங்காக்கலுக்கு (சூடான கரைப்பானில் கரைத்து, ஆறவிட்டுத் திரும்பப் பளிங்காக்கிச் சுத்தப்படுத்துவது) ஓடுபவர்கள், நல்ல பொருளில் பாதியை வடிதிரவத்தோடு ஊற்றிவிட்டு அதே பிழையான எண்ணோடு திரும்பி வருவார்கள்.

## அறிகுறி 1: எண் கீழே போகிறது, வீச்சும் (உருகத் தொடங்கி முடியும் வரையான இடைவெளி) அகலம்

122இல் உருக வேண்டிய பென்சோயிக் அமிலம் 113இல் நனையத் தொடங்கி 120இல்தான் முழுதாகத் தெளிகிறது. நான் பார்க்கும் முறைப்பாடுகளில் பாதிக்கு மேல் இந்த வகைதான்.

தூள் அதிகமா? குழாயின் அடியில் 2 முதல் 3 மி.மீ. உயரம் போதும். பத்து மி.மீ. நிரப்பினால் கீழ்ப்பகுதி உருகி மேற்பகுதி இன்னும் சூடேறிக்கொண்டிருக்கும். வீச்சு தானாகவே அகலும். தூளை நன்றாக அரைத்து, மயிர்த்துளைக் குழாயின் திறந்த வாயால் குத்தி எடுத்து, அரை மீற்றருக்குக் குறையாத கண்ணாடிக் குழாய் ஒன்றை மேசையில் நிறுத்தி, அதற்குள்ளால் மயிர்த்துளைக் குழாயை அடிப்பக்கம் கீழாக விழவிடுங்கள். ஐந்தாறு தடவை விழுந்தால் தூள் இறுகிவிடும். இடையில் காற்று இடைவெளி தெரிந்தால் அந்தக் குழாய் வேண்டாம்.

நனைவதை உருகுவதாக எழுதினீர்களா? உருகும் முன் தூள் சுருங்கி, சுவரை விட்டு விலகி, தூண்போல் நிற்கும். அது தொடக்கம் அல்ல. முதல் துளி திரவம் கண்ணுக்குத் தெரிவதுதான் தொடக்கம்; கடைசிப் பளிங்கு கரைந்து போவதுதான் முடிவு. வில்லைக் கண்ணாடி வழியே பாருங்கள். இரண்டு எண்ணையும் எழுதுங்கள். ஒற்றை எண்ணாக "122" என்று கொப்பியில் இருந்தால் அதை வைத்துத் தூய்மையைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

ஈரம். இங்கேதான் கொழும்பு தன் வேலையைக் காட்டும். மழைக்காலத்தில் குசினி உப்புப் போத்தலுக்கு நடப்பதுதான் உங்கள் தூளுக்கும் நடக்கிறது. புக்னர் புனலில் (உறிஞ்சி வடிக்கும் புனல்) பத்து நிமிடம் பம்பியால் காற்றை இழுத்தேன் என்பார்கள். இழுத்த காற்றே ஈரக்காற்று. தண்ணீரில் இருந்து மீள்பளிங்காக்கிய பொருள் அன்று பின்னேரமே அளக்கும் அளவுக்கு இங்கே காயாது.

கண்டுபிடிக்க இலகுவான வழி உண்டு. சூடேறும்போது, 60 தாண்டிய பிறகு, மயிர்த்துளைக் குழாயின் மேற்பகுதியை, சூடு எட்டாத இடத்தை, பாருங்கள். உட்சுவரில் பனிபோல மெல்லிய மங்கல் படிந்தால் அது தூளில் இருந்து வெளியேறிய தண்ணீர். மங்கல் சிறு துளிகளாகச் சேர்ந்து கீழே வழிவதைக்கூடச் சில வேளை காணலாம். அப்படி வந்தால் அந்த ஓட்டத்தில் கிடைக்கும் எண்ணை எழுதவே வேண்டாம்.

செய்ய வேண்டியது: தூளை வடிதாள்களுக்கு இடையே அழுத்தி, வாட்ச் கிளாஸில் மெல்லிதாகப் பரப்பி, டெசிக்கேட்டரில் (ஈரம் இழுக்கும் சிலிக்கா ஜெல் போட்டு மூடிய கண்ணாடிப் பாத்திரம்) ஒரு இரவு வையுங்கள். சிலிக்கா ஜெல்லின் நிறத்தை முதலில் பாருங்கள். நீலம் இளஞ்சிவப்பாகவோ, செம்மஞ்சள் பச்சையாகவோ மாறியிருந்தால் அந்த டெசிக்கேட்டர் வெறும் கண்ணாடிப் பெட்டி. ஜெல்லை 120 பாகை அவணில் சில மணிநேரம் வைத்து உயிர்ப்பித்த பிறகே பயன்படும். மூடியின் விளிம்பில் கிரீஸ் முழு வட்டமாக ஒளி ஊடுருவ இருக்க வேண்டும்.

அவசரத்துக்குத் தூளையே அவணில் வைப்பதென்றால் உருகுநிலையை நினைவில் வையுங்கள். பென்சோபினோன் 48இல் உருகும். 60 பாகை அவணில் வைத்தால் காலையில் தட்டில் ஒட்டிய கட்டிதான் மிஞ்சும். நப்தலீனும் பென்சோயிக் அமிலமும் அவணுக்குள் ஆவியாகிக் கொஞ்சம் கொஞ்சமாகக் காணாமல் போகும்.

வெறும் குழாய்களும் ஈரம் பிடிக்கும். இரு முனையும் மூடிய குழாய்களை வாங்கி, பாவிக்கும் நேரத்தில் நடுவில் முறித்து இரண்டாக்குவது என் விருப்பம். டின்னில் திறந்து கிடந்தவற்றுக்குள் எத்தனை மாதத் தூசியும் ஈரமும் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

கரைப்பான் மிச்சம். எதனோலில் இருந்து எடுத்த பொருள் என்றால், உருகுவதற்கு வெகு முன்பே தூளுக்குள் சிறு குமிழிகள் கிளம்பும். மருந்து ஈரத்துக்குச் சொன்னதேதான், ஆனால் சிலிக்கா ஜெல் எதனோலை அவ்வளவு விரைவாக இழுக்காது. பம்பியோடு இணைத்த வெற்றிட டெசிக்கேட்டர் இருந்தால் நல்லது.

உண்மையான மாசு. நன்றாகக் காய்ந்தும், இரண்டாவது ஓட்டத்திலும் அதே அகலம் வந்தால் இனி மீள்பளிங்காக்கலாம். ஒரு தடவைக்குப் பிறகு எண் ஏறி வீச்சு குறுகினால் பாதை சரி. இன்னொரு தடவை செய்யுங்கள். இரண்டு தடவைக்குப் பிறகும் அசையாவிட்டால் கரைப்பானை மாற்றுங்கள், அல்லது தூண் நிறப்பகுப்புக்கு (கலந்த பொருள்களை ஒரு தூணின் ஊடாக ஓடவிட்டுப் பிரிப்பது) போங்கள். தெளிந்த திரவத்துக்குள் ஒரு புள்ளி மட்டும் மிதந்துகொண்டிருந்தால் பதற வேண்டாம். அது வடிதாள் நார் அல்லது மணல். உருகிய பொருளில் கரையாத குப்பை உருகுநிலையை இறக்காது.

எண் கூர்மையாக வந்துவிட்டது, பொருள் அதுதானா என்று மட்டும் சந்தேகம் என்றால், சந்தேகிக்கும் பொருளின் சுத்தமான மாதிரியோடு சம அளவு கலந்து ஓட்டுங்கள். யூரியாவும் சின்னமிக் அமிலமும் தனித்தனியாக 133ஐ ஒட்டி உருகும். இரண்டையும் கலந்தால் பல பாகைகள் கீழே, அகலமாக உருகும். கலவையும் அதே எண்ணில் நின்றால்தான் இரண்டும் ஒன்று.

## அறிகுறி 2: வீச்சு குறுகல், எண் மட்டும் தள்ளிப்போகிறது

தெரிந்த பொருளும் அதே அளவு தள்ளிப்போகிறது. தூளை விட்டுவிடுங்கள், வெப்பமானியைப் பிடியுங்கள்.

முதலில் குழாயின் இடம். தூள் இருக்கும் அடிமுனை வெப்பமானிக் குமிழின் நடுவோடு ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். தீல் குழாயில் குமிழ், பக்கக் கையின் மேல் இணைப்புக்குச் சற்றுக் கீழே நிற்க வேண்டும், சுவரைத் தொடக்கூடாது.

அடுத்து இரச நிரல். வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். இடையில் மயிரிழை அளவு வெட்டு இருந்தால் எண் முழுவதும் மேலே காட்டும். குமிழை உலர் ஐஸில் குளிரவைத்தால் இரசம் முழுவதும் குமிழுக்குள் இறங்கி ஒன்றுசேரும். பிறகு நிமிர்த்திப் பிடித்து மெதுவாக அறை வெப்பநிலைக்குக் கொண்டுவாருங்கள். குமிழைத் தீயில் காட்டிச் சேர்க்கப் பார்ப்பவர்களைக் கண்டால் வெப்பமானியைப் பறித்துவிடுங்கள்.

பிறகு இரண்டு புள்ளிகளில் சரிபாருங்கள். நொறுக்கிய ஐஸும் வடித்த நீரும் சேர்ந்த கூழில் 0, கொதிநீரின் ஆவியில் 100. கொழும்பு கடல்மட்டத்தில் இருப்பதால் இரண்டாவது புள்ளியை அப்படியே நம்பலாம். நுவரெலியாவில் இதைச் செய்தால் 94க்கு அருகில் கொதிக்கும், வெப்பமானி மேல் பழி விழும்.

இரண்டு புள்ளியும் சரி, 150க்கு மேல் மட்டும் குறைவாகக் காட்டுகிறது என்றால் அது வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் தண்டின் கோளாறு. முழுவதும் அமிழ்த்திப் பாவிக்கவென அளவிட்ட வெப்பமானியை எண்ணெய்க்குள் பாதிதான் விடுகிறோம். வெளியே உள்ள இரசம் குளிராக இருக்கிறது. திருத்தம்: 0.00016ஐ வெளியே உள்ள பாகைகளின் எண்ணிக்கையால் பெருக்கி, வாசித்த எண்ணுக்கும் வெளித்தண்டின் சராசரி வெப்பநிலைக்கும் உள்ள வித்தியாசத்தால் மீண்டும் பெருக்குங்கள். வாசிப்பு 150, வெளியே 100 பாகை நீளம், தண்டு 40 பாகை என்றால் கூட்ட வேண்டியது 1.8 பாகை அளவில். தண்டில் அமிழ்த்தும் கோடு கீறியிருக்கும் வெப்பமானிக்கு இந்தக் கணக்கு வேண்டாம். கோடு வரைக்கும் விட்டால் போதும்.

டிஜிட்டல் மெஷினில் இந்தச் சோதனைகளுக்கு இடமில்லை. மூன்று தெரிந்த பொருட்களை ஓட்டி, ஒவ்வொன்றும் எவ்வளவு தள்ளுகிறது என்று ஒரு அட்டவணை எழுதி மெஷினின் பக்கத்தில் ஒட்டுங்கள். ஒரே அளவில் தள்ளினால் அதைக் கூட்டியோ கழித்தோ வேலையைத் தொடரலாம். ஒவ்வொரு எண்ணிலும் வேறு வேறு அளவு தள்ளினால், அல்லது உங்கள் முடிவு மருந்துத் தரச் சான்றிதழுக்குப் போகிறது என்றால், இனி நீங்கள் கைவைக்காதீர்கள். கலிபரேஷனுக்கு அனுப்புங்கள். கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவகம் இந்தச் சேவையைச் செய்கிறது. ஹோமாகமவில் அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் திணைக்களம் இருக்கிறது.

## அறிகுறி 3: ஒவ்வொரு தடவையும் வேறு எண்

பெரும்பாலும் வேகம். நிமிடத்துக்கு 10 பாகை ஏற்றினால், எண்ணெய்தான் முன்னே ஓடும். தூள் பின்னால் வரும். நீங்கள் வாசிப்பது எண்ணெயின் எண். முதல் ஓட்டத்தை வேகமாகவே ஓட்டுங்கள், தோராயமாக எங்கே என்று தெரிவதற்கு. இரண்டாவது ஓட்டத்தில் அந்த எண்ணுக்கு 15 அல்லது 20 பாகை கீழே வேகத்தை இறக்கி, நிமிடத்துக்கு 1 முதல் 2 பாகைக்குள் போங்கள். கையில் மணிக்கூடு இல்லாமல் இது சரிவராது. "மெதுவாத்தான் ஏத்தினேன்" என்பவரின் ஒரு நிமிடத்தை அளந்து பார்த்தால் பெரும்பாலும் ஐந்து பாகை இருக்கும்.

இரண்டாவது ஓட்டத்துக்குப் புதுக் குழாய், புதுத் தூள். உருகி இறுகியதைத் திரும்பப் பாவிக்கக்கூடாது. சில பொருள்கள் சிதைந்திருக்கும், சில வேறு பளிங்கு வடிவத்தில் உறைந்திருக்கும். எண்ணெயோ பிளாக்கோ குறைந்தது 20 பாகை கீழே ஆறும் வரை பொறுத்திருங்கள்.

வேகமும் சரி, குழாயும் புதிது, இன்னும் ஆடுகிறது என்றால் தலைக்கு மேலே பாருங்கள். சீலிங் ஃபேன்! அது பன்சன் சுடரைச் சாய்க்கும், எண்ணெயின் ஒரு பக்கத்தைக் குளிரவைக்கும். வேர்க்கிறது என்று பிள்ளைகள் முறைப்பார்கள். அளக்கும் நேரத்துக்கு மட்டுமாவது நிறுத்துங்கள். சுடர் தீல் குழாயின் பக்கக் கையின் முழங்கையில் படவேண்டும், நேரே அடியில் அல்ல.

குமிழ்த் திருகி வைத்துச் சூட்டைக் கட்டுப்படுத்தும் பழைய பிளாக் மெஷின்களுக்கு இன்னொரு சங்கடம். வோல்டேஜ் இறங்கினால் அதே திருகு இலக்கத்தில் சூடேறும் வேகமும் இறங்கும். காலையில் குறித்து வைத்த இலக்கத்தைப் பின்னேரம் நம்பாதீர்கள்.

## அறிகுறி 4: உருகும் முன்பே நிறம் மாறுகிறது, நுரைக்கிறது

நுரை மட்டும் என்றால் ஈரம் அல்லது கரைப்பான். அறிகுறி 1க்குத் திரும்புங்கள். மண்ணிறமாகி, கறுத்து, பிறகு நுரைத்தால் பொருள் சிதைகிறது. அஸ்பிரின் இதற்கு நல்ல உதாரணம்: 135ஐ ஒட்டி உருகவேண்டியது, மெல்ல மெல்லச் சூடேற்றி நேரம் எடுத்தால் வழியிலேயே சிதைந்து குறைந்த எண்ணைத் தரும். இப்படிப்பட்டதற்கு முதலில் எண்ணெயை எதிர்பார்க்கும் எண்ணுக்கு 10 பாகை கீழே வரை ஏற்றிவிட்டு, அதன் பிறகு குழாயை உள்ளே விடுங்கள். கொப்பியில் எண்ணுக்குப் பக்கத்தில் "சிதைவுடன்" என்று எழுதி, ஏற்றிய வேகத்தையும் குறியுங்கள்.

தூள் கறுத்து, குழாயின் அடியில் எண்ணெய் நிறமும் தெரிந்தால் அது சிதைவு அல்ல, குழாயின் அடி ஒழுகுகிறது. சுடரின் ஓரத்தில் சரித்துப் பிடித்துச் சுழற்றி மூடும்போது சிறு மணிபோல் கண்ணாடி திரளவேண்டும்.

## அறிகுறி 5: உருகவே இல்லை

250 தாண்டியும் தூள் தூளாகவே இருக்கிறது. பெரும்பாலும் நீங்கள் அளப்பது உங்கள் பொருளை அல்ல, உலர்த்தப் போட்ட நீரற்ற சோடியம் சல்பேற்றை. அதன் உருகுநிலை 884 பாகை. வடிக்காமல் கரைப்பானை ஆவியாக்கினால் இதுதான் பளபளப்பாக மிஞ்சும். சாப்பாட்டு உப்பு என்றால் 801.

ஸ்பட்யூலாவின் நுனியில் கொஞ்சம் எடுத்துச் சுடரில் காட்டுங்கள். எரிந்து, உருகி, ஒன்றும் மிஞ்சாமல் போனால் சேதனப் பொருள். வெள்ளையாக அப்படியே நின்றால் உப்பு. சல்பானிலிக் அமிலம் போன்றவை உண்மையிலேயே உருகாமல் 280 தாண்டிச் சிதைபவை. அவற்றுக்கு உருகுநிலை எடுப்பதே வீண், நிறமாலை எடுத்து அடையாளம் காணுங்கள்.

பரசிற்றமோல் வில்லையை இடித்து 169 வரவில்லையே என்று கேட்பவர்களுக்கும் இதே பகுதிதான். வில்லைக்குள் மாப்பொருளும் வேறு நிரப்பிகளும் உண்டு. எதனோலில் கரைத்து வடித்து, பளிங்காக்கிய பிறகு அளந்து பாருங்கள்.

## அறிகுறி 6: தூள் குறைந்துகொண்டே போகிறது

அடியில் இருந்தது குழாயின் மேல் சுவரில் வெள்ளையாக ஒட்டியிருக்கும். பதங்கமாதல். நப்தலீன், கற்பூரம், கஃபீன் இப்படிச் செய்யும். தூளை இறுக்கிய பிறகு மேல் முனையையும் மூடி, குழாய் முழுவதையும் எண்ணெய்க்குள் அமிழ்த்துங்கள். அவ்வளவுதான்.

## அறிகுறி 7: எண்ணெய் வெடிக்கிறது, புகைகிறது

100ஐ நெருங்கும்போது சடசடவென்று சத்தம் வந்தால் எண்ணெயில் தண்ணீர். உடனே சுடரை எடுங்கள். கழுவிய தீல் குழாயைக் காயவிடாமல் ஊற்றியிருக்கிறீர்கள். ஆறவிட்டு, எண்ணெயை ஊற்றிவிட்டு, குழாயை அவணில் காயவைத்துப் புது எண்ணெய் விடுங்கள்.

மயிர்த்துளைக் குழாயைக் கட்டும் ரப்பர் வளையம் எண்ணெய் மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். சூட்டில் எண்ணெய் விரிந்து மட்டம் ஏறும் என்பதையும் சேர்த்து இடம் விடுங்கள். நனைந்த ரப்பர் ஊதி, வழுகி, குழாயை எண்ணெய்க்குள் விட்டுவிடும்.

மருந்துக்கடையில் வாங்கும் திரவப் பரபின் போதும். ஆனால் 170க்கு மேல் உருகும் எதையும் அதில் எடுக்க என் மேசையில் இடமில்லை. சிலிக்கோன் எண்ணெய் அல்லது பிளாக் மெஷின். தேங்காய் எண்ணெய் போடலாமா என்று பாடசாலை ஆசிரியர்கள் கேட்பதுண்டு. நப்தலீனுக்குப் போடலாம், சீக்கிரம் கறுத்துப் பிசுபிசுக்கும், அதற்கு மேல் வேண்டாம். 2022இல் மின்வெட்டு மணிக்கணக்கில் போனபோது பலர் தீல் குழாய்க்குத் திரும்பினார்கள். அதே ஆண்டு காஸும் கிடைக்காமல் போனதால் ஸ்பிரிட் விளக்கில் 122 வரை ஏற்றவேண்டியிருந்தது. ஏறும், பொறுமை வேண்டும்.

எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள். காஸை மூடி, தீப்போர்வையால் மூடுங்கள் அல்லது மணலைக் கொட்டுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் வெளியேறி 110க்கு அழையுங்கள்.

## அறிகுறி 8: மெஷின் சூடேறவில்லை

விளக்கு எரிகிறதா? எரியாவிட்டால் முதலில் வேறு பிளக்கில் போட்டுப் பாருங்கள். சதுர முள் உள்ள 13 அம்பியர் பிளக் என்றால் அதற்குள்ளேயே ஒரு பியூஸ் இருக்கும். மெஷினின் பின்புறத்திலும் ஒன்று. அதே அம்பியரில் மாற்றுங்கள், ஒரே ஒரு தடவை. திரும்பவும் போனால் உள்ளே ஷோர்ட், இனி திறக்கவேண்டாம்.

விளக்கு எரிகிறது, எண் ஏறவில்லை என்றால், முன்பு வைத்த உச்ச வரம்பு கீழே இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து பிளாக்கின் துளைக்குள் டார்ச் அடியுங்கள். உடைந்த மயிர்த்துளைக் குழாயின் துண்டு உள்ளே சிக்கியிருந்தால் புதுக்குழாய் அடி வரை இறங்காது. ஆறிய பிறகு மெல்லிய கம்பியால் எடுக்கலாம், இறுகியிருந்தால் நெம்பாதீர்கள்.

எண் ஒரேயடியாக 300க்குத் தாவுகிறது, அல்லது குளிர்ந்த பிளாக்கில் எதிர்மறை எண் காட்டுகிறது என்றால் உணரி போய்விட்டது. சூடாக்கும் கம்பி, உணரி, மின்சுற்றுப் பலகை, இந்த மூன்றும் மெஷினை விற்ற முகவரின் தொழில்நுட்பவியலாளருக்கு உரிய வேலை. அழைக்கும்போது மாதிரி இலக்கத்தோடு, கடைசியாக ஓட்டிய தெரிந்த பொருள்களின் எண்களையும் சொல்லுங்கள். "வேலை செய்யுதில்லை" என்று மட்டும் சொன்னால் ஒரு வருகைக் கட்டணம் பார்ப்பதற்கே போய்விடும்.

## வெப்பமானி உடைந்து இரசம் சிந்தினால்

ஃபேனையும் ஏசியையும் நிறுத்துங்கள், ஜன்னலைத் திறவுங்கள், மற்றவர்களை வெளியே அனுப்புங்கள். தும்புத்தடியும் வேண்டாம், வெக்யூம் கிளீனரும் வேண்டாம். இரண்டும் இரசத்தைப் பொடியாக்கிப் பரப்பும். கையுறையோடு, தடித்த அட்டைத் துண்டால் துளிகளை ஒன்றுசேர்த்து, கொஞ்சம் தண்ணீர் உள்ள மூடிப்போத்தலில் எடுங்கள். தரை இடுக்குகளில் கந்தகத் தூள் தூவலாம். போத்தலைப் பெயர் ஒட்டிப் பாதுகாப்பு அலுவலரிடம் கொடுங்கள், சிங்கில் ஊற்றக்கூடாது. சூடான பிளாக்குக்குள்ளோ அவணுக்குள்ளோ உடைந்திருந்தால் ஒன்றையும் எடுக்க முயலாதீர்கள். சுவிட்சை அணைத்து, அறையைப் பூட்டி, உள்ளே யாரும் போகாமல் வாசலில் ஒரு ஆளை நிறுத்திவிட்டு அலுவலரை அழையுங்கள்.